தீப்பெட்டிப் படம் முதல் ஒலிநாடா வரை: கரிசல் மண்ணின் பதின்பருவ மோகங்கள்

பதின்பருவத்தில் ஒருவர் எதை விரும்பினார், எதைச் சேர்த்துவைத்தார், யாரைப் போல முடி வெட்டிக்கொண்டார், எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்னும் செய்திகள் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. தேர்தல் முடிவுகளையும் மழையளவையும் பயிர் விளைச்சலையும் பதிவுசெய்யும் ஊர் வரலாறுகள்கூட, ஒரு தலைமுறை முழுவதும் ஒரே வகைக் கால்சட்டைக்கு ஆசைப்பட்ட ஆண்டுகளைக் குறித்துவைப்பதில்லை. ஆனால் ஐம்பது வயதைக் கடந்த எவரிடமும் இளமையைப் பற்றிப் பேச்செடுத்தால், படித்த பாடத்துக்கும் எழுதிய தேர்வுக்கும் முன்னதாக வெளிவருபவை இந்தச் சின்னஞ்சிறு ஆசைகளே. ஒரே வயதினரிடையே வேகமாகப் பரவி, உச்சத்தைத் தொட்டு, வந்த வேகத்திலேயே மறைந்துபோகும் கூட்டு விருப்பத்தை இக்கட்டுரை மோகம் என்னும் சொல்லால் குறிக்கிறது. ஒருவருக்கே உரிய தனி ரசனையும் விந்தையான பழக்கமும் இதனோடு சேர்த்தே பேசப்படுகின்றன. ஏனெனில் பதின்பருவத்தில் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பந்தல்குடியும், அங்கிருந்து திருச்சுழி வரை பரந்துகிடக்கும் சிற்றூர்களும் வானம் பார்த்த பூமியைச் சேர்ந்தவை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் சோளமும் கம்பும் மிளகாயும் விதைக்கும் கரிசல் காடு, காடு தோற்றுப்போன இடமெல்லாம் சீமைக்கருவேலம், நிலத்துக்கு அடியில் சிமெண்ட் ஆலைக்கு வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல், அருப்புக்கோட்டையின் கைத்தறிகளும் நூற்பாலைகளும் என்று இவ்வட்டாரத்தின் பொருளியல் அமைந்தது. கையில் காசு அருகியே புழங்கும் இத்தகைய நாட்டில் பிள்ளைகளின் மோகங்கள் எல்லாம் சென்னையிலிருந்தும் வெள்ளித்திரையிலிருந்தும் இறங்கி வந்தவையாகவே இருக்கும் என்று எண்ணத் தோன்றும். சற்று நெருங்கிப் பார்த்தால், ஆசையின் தூண்டுதல் தொலைவிலிருந்து வந்தாலும், அந்த ஆசைக்கு வடிவம் கொடுத்த பொருள்களில் பல பேருந்தில் போய் அன்றே திரும்பிவிடக்கூடிய ஊர்களில் உருவானவை என்பது தெரியவரும். சிவகாசியின் அச்சுக்கூடம், சாத்தூரின் பேனா நிப், விருதுநகரின் குளிர்பானம், மன்னார் வளைகுடாவுக்கு அப்பாலிருந்து வந்த வானொலிக் குரல் ஆகிய இவற்றைக் கொண்டுதான் இந்த மண்ணின் இளையோர் தமக்கென்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் பயிற்சியை முதன்முதலாகப் பெற்றனர்.

போலச் செய்தலும் வேறுபடுதலும்

உலக நல நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தைப் பதின்பருவம் என வரையறுக்கிறது. இப்பருவத்தைத் தனி ஆய்வுப் பொருளாக்கிய முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால், இதைப் பற்றிய தம் பெருநூலை 1904இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல், புதுப்பாணிகள் ஏன் தோன்றுகின்றன, ஏன் மறைகின்றன என்பதை விளக்கும் கட்டுரை ஒன்றை எழுதினார். பிறரைப் போல இருக்க வேண்டும் என்னும் விழைவும் பிறரிடமிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்னும் விழைவும் மனிதரிடம் ஒருங்கே உள்ளன என்றும், புதுப்பாணி இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றித் தருகிறது என்றும், எல்லாரும் அதைக் கைக்கொண்டுவிட்டால் வேறுபடுத்திக் காட்டும் ஆற்றலை இழந்து அது அழிந்துபோகிறது என்றும் அவர் விளக்கினார்.

இந்த இரட்டை விழைவு மிகக் கூர்மையாக வெளிப்படும் காலம் பதின்பருவமே. வீட்டில் உண்பதும் உடுத்துவதும் பெற்றோர் முடிவு. பள்ளியில் அமரும் பலகையும் படிக்கும் பாடமும் ஆசிரியர் முடிவு. காட்டு வேலைக்கு எப்போது போக வேண்டும் என்பது மழையின் முடிவு. இவற்றுக்கு நடுவே, சட்டையின் மேல் பித்தானைப் போடுவதா விடுவதா, வகிடு இடப்பக்கமா நடுவிலா, எந்த நடிகரின் பக்கம் நிற்பது என்பனவே ஓர் இளைஞர் தாமாக முடிவுசெய்யக்கூடியவை. ஆகவே பெரியவர்களின் கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் இத்தேர்வுகளை அவ்வயதினர் உயிரைக் கொடுத்துக் காப்பதில் வியப்பில்லை.

சிவகாசியின் காகிதச் செல்வம்

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து, மழை பொய்க்கும் அந்த ஊர் புதிய தொழில்நகரமாக வளரத் தொடங்கியது. தீப்பெட்டிக்கு மேல் ஒட்டும் வண்ணப் படத்துக்காக அச்சு இயந்திரங்கள் வந்தன; பட்டாசுத் தொழிலும் அதே அச்சை நாடியது; நாட்காட்டியும் நாட்குறிப்பேடும் பாடநூலும் பின்னர் சேர்ந்துகொண்டன. வணிகத்துக்காக அச்சான இக்காகிதம், சுற்றியிருந்த கரிசல் ஊர்ச் சிறுவர்களின் கையில் செல்வமாக மாறியது.

காலித் தீப்பெட்டியின் மேல்படத்தைக் கிழியாமல் உரித்தெடுத்து, பழைய நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களில் சேர்த்துவைப்பது தமிழ்நாட்டுச் சிறுவர்களிடையே பல பத்தாண்டுகள் நிலைத்திருந்த பழக்கமாகும். உலகின் பல நாடுகளில் பெரியவர்களும் ஈடுபடும் இப்பொழுதுபோக்குக்கு ஃபிலுமெனி என்று பெயர். கரிசல் ஊர்களில் இது சேகரிப்போடு நிற்காமல் விளையாட்டாகவும் விரிந்தது. தரையில் வட்டமிட்டு, அதற்குள் ஒவ்வொருவரும் தம் படங்களை வைத்து, தொலைவிலிருந்து தட்டையான கல்லை எறிந்து, வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்ட படங்களை எறிந்தவரே எடுத்துக்கொள்ளும் முறை அது. தீப்பெட்டிப் படங்களுக்குப் பதிலாகக் காலிச் சிகரெட் பெட்டிகளின் அட்டைகளை வைத்து ஆடியபோது ஒவ்வொரு சிகரெட்டின் பெயருக்கும் தனித்தனி மதிப்பு இருந்தது; பெட்டிக்கடையில் எளிதில் கிடைப்பதற்குக் குறைந்த மதிப்பும், அரிதாகக் கிடைப்பதற்குக் கூடுதல் மதிப்பும் அளிக்கப்பட்டன. அருமை கூடினால் விலை கூடும் என்னும் பொருளியல் விதியைப் பாடநூலில் படிப்பதற்கு முன்பே சிறுவர்கள் தெருப்புழுதியில் கற்றுக்கொண்டனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதை வெளியீடு தொடங்கியது. சித்திரக்கதை என்பது வரிசையான படங்களும் உரையாடல் கூடுகளும் கொண்டு கதை சொல்லும் நூல்வகை. அதன் முதல் இதழின் நாயகனான இரும்புக்கை மாயாவி, பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றிலிருந்து தமிழுக்கு வந்தவன். மின்சாரம் பாய்ந்தால் அவனுடைய உடல் முழுவதும் மறைந்து, இரும்பாலான கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். மின்விளக்கே அரிதாக இருந்த ஊர்களின் பிள்ளைகள், மின்சாரத்தால் மாயமாகும் ஒருவனைத் தம் நாயகனாக ஏற்றுக்கொண்டனர். 1984இல் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸ் வெளிவந்தது. ஸ்பைடர் என்னும் குற்றவேந்தனும் ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதனும் அதன் வழியாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகமாயினர்.

சித்திரக்கதை மோகத்தின் இயல்பு அதன் பரிமாற்றத்தில் இருந்தது. ஓர் இதழை ஒருவர் வாங்கினால் பலர் படித்தனர். வாடகைக்குப் புத்தகம் தரும் கடைகளில் அட்டை நைந்துபோகும் வரை அது சுற்றியது. கடன் கொடுத்த இதழ் திரும்பாததால் நட்பு முறிந்ததும் உண்டு, ஒரே கதையை விரும்பியதால் நட்பு தளிர்த்ததும் உண்டு. பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த அந்த மலிவுக் காகித இதழ்களைப் பிற்காலத்தில் நடுத்தர வயதினர் பெரும் விலை கொடுத்துத் தேடி வாங்குவது, அவை வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆங்கிலம் அறியாத ஒரு கரிசல் சிறுவனுக்கு லண்டன் மாநகரின் தெருக்களையும் அமெரிக்க மேற்குப் பகுதியின் பாலைவனத்தையும் முதன்முதலாகக் காட்டியவை அவையே.

காகிதத்தோடு எழுதுகோலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேனாவின் முனையில் மை இறங்கும் உலோகத் தகடாகிய நிப்பைச் செய்யும் குடிசைத் தொழில் சாத்தூரில் செழித்திருந்தது. பந்துமுனைப் பேனா பரவுவதற்கு முன்பு, நிப்பைத் தேர்வதிலும் அதைத் தரையில் தேய்த்துத் தன் கைவாகுக்குப் பழக்குவதிலும் மாணவர்கள் காட்டிய கவனம் ஒரு கலையாகவே வளர்ந்தது. ஒருவர் பழக்கிய பேனாவை மற்றொருவர் எழுதினால் முனை கெட்டுவிடும் என்னும் நம்பிக்கை உறுதியாக நிலவியது. தாமாகக் கண்டுபிடித்த கையொப்பத்தை நோட்டின் கடைசிப் பக்கம் முழுவதும் எழுதிப் பழகுவதும், பள்ளி இறுதி நாளில் ஒருவர் சட்டை மீது மற்றவர் மை தெளிப்பதும், வண்ணத்தாள் கொண்ட ஆட்டோகிராஃப் ஏட்டை வகுப்பு முழுவதும் சுற்றவிட்டுப் பிரியாவிடை எழுதி வாங்குவதும் இந்த மைப்பேனாக் காலத்தோடு பின்னிப்பிணைந்த வழக்கங்கள்.

கடல் கடந்து வந்த குரல்

1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரையிசை தரம் தாழ்ந்தது என்னும் எண்ணத்தால் அதற்கு அகில இந்திய வானொலியில் இடமில்லாமல் செய்தார். அதன் விளைவாக இந்திய நேயர்கள் பெருந்திரளாக இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்ட பிறகு இந்திய வானொலியிலும் திரையிசை இடம்பெற்றது. எனினும் தென் தமிழ்நாட்டில், தெளிவாகக் கேட்கும் தொலைவில் அமைந்திருந்த இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பே பல ஆண்டுகள் இளையோரின் நெஞ்சை ஆண்டது.

அந்த ஒலிபரப்பு இரண்டு வகை மோகங்களை வளர்த்தது. முதலாவது, அறிவிப்பாளர்கள் மீதான மோகம். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் முகத்தை அறியாமலேயே அவர்களுடைய குரலுக்குத் தமிழ்நாட்டில் ரசிகர்கள் இருந்தனர். மூச்சுவிடாமல் பாய்ந்து செல்லும் ராஜாவின் அறிவிப்பைப் பேசிக்காட்டுவது பள்ளி விழா மேடைகளிலும் கண்மாய்க்கரைப் பேச்சிலும் ஒரு திறமையாக மதிக்கப்பட்டது. இலங்கைத் தமிழின் உச்சரிப்பைக் கரிசல் நாட்டு இளையோர் ஆசையோடு நாவில் பழக்கிக்கொண்டனர். இரண்டாவது, தம் பெயரைக் கேட்கும் மோகம். பாடல் விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்படும்போது, தம் சிற்றூரின் பெயரும் ஒருநாள் அந்தக் குரலில் ஒலிக்காதா என்று கடிதம் எழுதிக் காத்திருந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். நிலப்படத்தில் இடம்பெறாத ஓர் ஊர், ஒரு விநாடி கடல் கடந்து ஒலித்துத் திரும்புவதில் அவர்கள் கண்ட பெருமை சிறிதன்று. அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியின் முறை வகுப்பறை இடைவேளைகளிலும் பேருந்துப் பயணங்களிலும் இளையோர் விளையாட்டாக வேரூன்றியது.

ஒலிநாடாவின் வருகை இந்த மோகத்தைக் கைக்கு அடக்கமாக மாற்றியது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய சிறு நாடாப் பேழை, 1980களில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களை நிறைத்தது. கடைத்தெருவில் ஒலிப்பதிவுக் கடைகள் முளைத்தன. விரும்பும் பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்று நாடாவில் அதே வரிசையில் பதிந்து தருவார்கள். 60 நிமிட நாடாவில் பக்கத்துக்கு ஆறு பாடலாக ஏறத்தாழ 12 பாடல்களே அடங்கும். ‘அன்னக்கிளி’ (1976) முதல் தொடர்ந்து பெருகிய இளையராஜாவின் பாடல்களிலிருந்து 12 மட்டும் தேர்வது, கையிலுள்ள சில ரூபாயைக் கொண்டு ஓர் இளைஞர் செய்த மிகக் கடினமான முடிவாக இருந்திருக்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, முதல் பாட்டு எது, முடிவுப் பாட்டு எது என்று இரவெல்லாம் திருத்தி எழுதிய அந்தப் பட்டியலில் ஒருவருடைய ரசனை முழுவதும் அடங்கிக் கிடந்தது. கேட்டதைக் கேட்டவாறே எல்லையின்றி ஓடவிடும் இன்றைய வசதியில் பெருந்தாராளம் உண்டு. ஆனால் விடுவதன் வலியை உணர்ந்து தேர்ந்தெடுக்கும் பயிற்சியை அந்த நாடாவின் குறுகிய நீளமே கற்றுக்கொடுத்தது.

திரை தந்த உருவங்கள்

கரிசல் ஊர்களுக்குத் திரைப்படத்தைக் கொண்டுவந்தவை டூரிங் டாக்கீஸ்கள். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்று, கீற்றுக் கொட்டகையில் ஒரே படக்கருவியைக் கொண்டு இயங்கிய இவற்றில், சுருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் இடைவேளை விடப்பட்டது. மணல் தரையில் அமர்வதே அடிமட்டக் கட்டணம். கொட்டகையிலிருந்து கிடைத்த அறுந்த பிலிம் துண்டுகள் சிறுவர்களின் அரும்பொருள்களுள் ஒன்று. எரிந்துபோன மின்குமிழில் தண்ணீரை நிரப்பி அதையே உருப்பெருக்கியாகக் கொண்டு, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, வெள்ளை வேட்டியில் அந்தத் துண்டுப் படங்களை விழச்செய்த வீட்டுத் திரையரங்குகள் தமிழ்நாடெங்கும் இருந்தன. வெயிலுக்குக் குறைவே இல்லாத பந்தல்குடி வட்டாரத்தில் அதற்கு வேண்டிய ஒளி இலவசமாகவே கிடைத்தது. மலிவு விலையில் விற்ற பாட்டுப் புத்தகம் மற்றொரு சேகரிப்பு. பாடல் வரிகளோடு கதைச் சுருக்கத்தையும் அச்சிட்டு, கதை உச்சத்தை நெருங்கும்போது நிறுத்தி, மீதியைத் திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்வது அதன் மாறாத முறை.

நடிகர்மீது கொண்ட மோகம் இவ்வட்டாரத்தில் அரசியல் வரலாற்றையே தொட்டது. 1977 சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று, அவ்வாண்டு ஜூன் 30 அன்று தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பதவியேற்றார். அன்று வாக்குரிமைக்கான வயது 21. அது 18ஆகக் குறைக்கப்பட்டது 1989இல்தான். ஆதலால் தாம் வாத்தியார் என்று அழைத்த எம்.ஜி.ஆர். தம் தொகுதியிலேயே நின்றபோது, அவருக்காகச் சுவரெழுதவும் கொடி கட்டவும் உரிமை பெற்றிருந்த பதின்பருவ ரசிகர்களுக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. எம்.ஜி.ஆரா சிவாஜியா என்றும், அடுத்த தலைமுறையில் ரஜினியா கமலா என்றும் வகுப்பறைகள் இரண்டாகப் பிரிந்தன. பக்கம் சார்ந்து வாதாடுவது, எதிர்த்தரப்பின் வலுவான படத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தாலும் தம் தரப்பை விட்டுக்கொடுக்காமல் நிற்பது ஆகிய பழக்கங்களுக்கு இந்தப் பிரிவுகள் பயிற்சிக் களமாயின.

உடையிலும் முடியிலும் திரையின் செல்வாக்கு விரைவாகப் படிந்தது. முழங்காலுக்குக் கீழே மணி போல விரியும் பெல்பாட்டம் கால்சட்டையும், நீண்ட கழுத்துப்பட்டை கொண்ட சட்டையும், காதை மூடி இறங்கிய முடியும், அகன்ற கிருதாவும் 1970களின் அடையாளங்கள். மழைக்காலத்தில் காலில் பசை போல ஒட்டிக்கொள்ளும் கரிசல் மண்ணுக்கு, தரையைக் கூட்டிச் செல்லும் அந்தக் கால்சட்டை கொஞ்சமும் பொருந்தாத உடை. இருந்தும் தையல்கடைகளில் அதன் அகலம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. சிம்மல் சொன்னவாறே, எல்லாருடைய காலிலும் அது ஏறியதும் அதன் கவர்ச்சி தேய்ந்தது. 1990களில் தொடையில் தளர்ந்து கணுக்காலில் சுருங்கும் பேகி கால்சட்டையும், ‘காதலன்’ (1994) படத்துக்குப் பின் பிரபுதேவாவின் நடன அசைவுகளும் அந்த இடத்தைப் பிடித்தன.

பெண்பிள்ளைகளின் மோகங்களுக்கு ‘பூவே பூச்சூடவா’ (1985) சிறந்த எடுத்துக்காட்டு. அப்படத்தில் நடித்த நதியாவின் பெயரால் வளையல், கம்மல், கொண்டை, செருப்பு என ஒரு முழுக் கடையே உருவாயிற்று. தாவணியும் ரிப்பன் கட்டிய இரட்டைச்சடையும் சாந்துப்பொட்டும் வழக்கமாயிருந்த ஊர்களில், சுடிதாரும் ஸ்டிக்கர் பொட்டும் பையப் பைய நுழைந்தன. இருக்கன்குடி மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா போன்ற பெருங்கூட்டங்களில் விரிக்கப்படும் வளையல் கடைகளே கரிசல் நாட்டுப் பெண்களுக்குப் புதுப்பாணியை அறிமுகப்படுத்தும் சந்தைகளாக இருந்தன. இரவல் நகை, இரவல் சேலை என்று பெரியவர்களின் விருப்பத்துக்கு உட்பட்டே அலங்கரித்துக்கொள்ள நேர்ந்த ஒரு பெண்ணுக்கு, தன் கைக்காசில் தானே தேர்ந்து வாங்கிய ஒரு சோடிக் கம்மல் அற்பப் பொருளாக ஒருபோதும் இருந்திருக்க முடியாது.

நாவின் விருப்பங்கள்

உணவிலும் இந்தத் தேர்வு தொடர்ந்தது. கழியில் சுற்றிய ஜவ்வு மிட்டாயைக் கைக்கடிகாரமாகக் கட்டச் சொல்லி, தின்னாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்று போட்டியிட்ட சிறுபருவம் கடந்ததும், இளையோரின் நாட்டம் கலர் மீது திரும்பியது. சாயமும் இனிப்பும் சேர்ந்த சோடாவை இப்பகுதியினர் கலர் என்றே அழைக்கின்றனர். பழனியப்ப நாடார் 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பவண்டோ, திராட்சை மணமும் கருஞ்சிவப்பு நிறமும் கொண்ட பானமாகத் தென் மாவட்டங்களில் பெயர் பெற்றது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான் கலர் வாங்கும் வழக்கம் நிலவிய காலத்தில், நண்பர்களோடு கடையில் நின்று ஒரு பாட்டிலை மாற்றி மாற்றிக் குடிப்பது வளர்ந்துவிட்டதன் அறிகுறியாகக் கருதப்பட்டது.

பன்னாட்டு நிறுவனங்களின் பானங்கள் 1990களில் பெருகியபோது பவண்டோ பழைய தலைமுறையின் பானமாகப் பின்தள்ளப்பட்டது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நடந்த இளைஞர் போராட்டத்தை ஒட்டி, வெளிநாட்டுக் குளிர்பானங்களை அவ்வாண்டு மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. உடனே அதே பவண்டோ இளையோரின் கையில் தன்மானத்தின் சின்னமாகத் திரும்பி வந்தது. தாத்தாவின் விருப்பம் பேரனின் புதுப்பாணியாக மாறிய இந்நிகழ்ச்சி, மறைந்த மோகங்கள் புதிய பொருளோடு மீண்டும் உயிர்பெற முடியும் என்பதை உணர்த்துகிறது.

தனி விருப்பமும் அதன் விலையும்

கூட்டத்தோடு சேராத தனி விருப்பங்களுக்கும் இம்மண்ணில் பெருமைமிக்க சான்றுகள் உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்து, பிற்காலத்தில் ரமண மகரிஷி எனப் போற்றப்பட்ட வேங்கடராமன், பதின்பருவத்தில் பாடத்தைவிடக் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் நீச்சலிலும் ஈடுபாடு கொண்டவராக இருந்தார். ஆட்டத்தில் அவர் சேர்ந்த அணி எப்போதும் வெல்வதால் தங்கக்கை என்று அழைக்கப்பட்டார் என்றும், தூக்கத்தில் அடித்தாலும் எழாத அளவுக்கு ஆழ்ந்து உறங்குவார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அதே சிறுவர் கையில் கிடைத்த பெரியபுராணத்தில் மனம் கரைந்து, 1896இல் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனோ, பறவை முட்டைகளைத் தேடிச் சேர்க்கும் கரிசல் சிறுவனை ‘பிஞ்சுகள்’ குறுநாவலின் நாயகனாக்கினார். பிள்ளைகளின் விந்தையான பிடிப்புகளைப் பெரிய எழுத்தாளர் ஒருவர் மதிப்போடு நோக்கியதற்கு அது நிலைத்த சான்று.

இந்த இன்பங்கள் எல்லாருக்கும் ஒன்றுபோலக் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு சிறுவன் ஆசையோடு உரித்த தீப்பெட்டிப் படத்தை ஒட்டியவை, அவனை ஒத்த வயதினரின், பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் விரல்களாகவே பல காலம் இருந்தன. குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தும் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசித் தொழிற்சாலைகளில் உழைத்த குழந்தைகளை முன்னிட்டு எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மோகம் கொள்வதற்குச் சிறிது ஓய்வும் சிறிது காசும் வேண்டும். அவை மறுக்கப்பட்ட பிள்ளைகள் பதின்பருவத்தையே இழந்தனர். விருதுநகரைச் சேர்ந்த இயக்குநர் வசந்தபாலன் தம் ‘வெயில்’ (2006) படத்தில், பள்ளிக்குப் போகாமல் திரைப்படம் பார்த்ததற்காகத் தந்தையால் கொடுமையாகத் தண்டிக்கப்பட்ட சிறுவனின் வாழ்வு திசைமாறிப்போவதைக் காட்டினார். பிள்ளையின் சிறு ஆசையை அவமதிப்பது எத்தனை ஆழமான காயத்தை உண்டாக்கும் என்பதை அப்படம் நேர்மையோடு எடுத்துரைத்தது.

நினைவில் தங்குவது ஏன்

பதின்பருவ விருப்பங்கள் முதுமையிலும் மங்காதிருப்பதற்கு உளவியலாளர்கள் காரணம் தேடியுள்ளனர். டேவிட் ரூபின் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வு, நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே அளவுக்கு மிஞ்சிக் குவிகின்றன என்று காட்டியது. வாழ்நாளை ஒரு கோடாக வரைந்து நினைவுகளை அதன்மீது குறித்தால் அந்த இடத்தில் மேடு தட்டும் என்பதால் இதனை நினைவு மேடு எனலாம். முதல் அனுபவங்கள் மிகுதியாக நிகழ்வதும், தான் யார் என்னும் தெளிவு உருவாவதும் அக்காலத்திலேயே என்பதால் அவை ஆழமாகப் பதிகின்றன என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களுள் ஒன்று.

இன்று பந்தல்குடிப் பிள்ளைகளும் சென்னைப் பிள்ளைகளும் ஒரே காணொளியை ஒரே நாளில் கைப்பேசியில் பார்க்கின்றனர். ஊருக்கு வந்துசேரவே மாதங்கள் பிடித்த மோகம் இன்று மணிக்கணக்கில் வந்து, நாள்கணக்கில் மறைகிறது. இதைக் கண்டு இக்காலப் பிள்ளைகளுக்கு ஆழமில்லை என்று முடிவுகட்டுவது தவறு. பெல்பாட்டத்தைக் கண்டு தலையில் அடித்துக்கொண்ட பெரியவர்களும் அதையே சொன்னார்கள். பொருள் மாறினாலும், தன் வயதினரோடு சேரவும் அவர்களிடையே தனித்துத் தெரியவும் விழையும் அதே மனம்தான் இன்றும் இயங்குகிறது.

ஆகவே இரு தலைமுறைக்கும் ஒரு கடமை உண்டு. தம் காலத்து மோகங்களைப் பெரியவர்கள் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் இன்றைய மோகங்களை ஏளனம் செய்யாமல் கேட்கவும் வேண்டும். ஊர் நூலகங்களும் பள்ளி ஆண்டு மலர்களும் இவற்றைத் தொகுக்கத் தொடங்கினால், தீப்பெட்டிப் படமும் பாட்டுப் புத்தகமும் 12 பாடல் எழுதிய தாளும் ஊர் வரலாற்றின் ஆவணங்களாகும். கரிசல் மண்ணின் வறட்சியையும் உழைப்பையும் பற்றிப் பல நூல்கள் எழுதப்பட்டுள்ளன. அந்த வறட்சிக்கு நடுவிலும் அம்மண்ணின் இளையோர் எதையெல்லாம் ஆசையோடு விரும்பினார்கள் என்பதும் அதே அளவு அக்கறையோடு எழுதப்பட்டால்தான் அந்த வரலாறு முழுமை பெறும்.